சிறிய வீட்டில் அறைகலன்களைத் தேர்ந்தெடுப்பதும் அடுக்குவதும்: காவிரிப் படுகை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரங்களில் சிறிய வீட்டில் குடியிருப்போரும், புதிதாகக் கட்டிக் குடியேறவிருப்போரும் மரச்சாமான் வாங்கும்போது எழுப்புகிற கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. இடத்தை மிச்சப்படுத்தும் அறைகலன்களைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை மாநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. படுகையின் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாய்க்கால் ஓரத்து வீடுகளில் தரையிலிருந்து சுவருக்கு ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறுகிறது. களிமண் கலந்த வண்டலில் கரையான் ஓயாமல் வேலை செய்கிறது. கரையோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. ஆகவே, இங்கே வாங்கும் சாமான் இடத்தை மிச்சப்படுத்தினால் மட்டும் போதாது, தரையும் சுவரும் காற்றாட இருக்க விட வேண்டும் என்ற கருத்தே பின்வரும் பதில்களுக்கெல்லாம் அடிப்படையாகும்.

கடைக்குப் போவதற்கு முன் எதையெல்லாம் அளந்துகொள்ள வேண்டும்?

அறையின் நீள அகலத்தை எல்லோரும் அளக்கிறார்கள். அதற்கு அப்பால், கதவு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் திறக்கிறது, சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, மின்செருகிகள் எங்கே உள்ளன, மின்விசிறியின் இறக்கை நுனி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாசல் நிலையின் உட்பக்க அகலம், ரேழியின் (வாசலை அடுத்த இடைவழியின்) திருப்பம், மாடிப்படியின் அகலம் ஆகியவற்றையும் அளப்பது அவசியம். பழைய வீடுகளில் வாசல் நிலை குறுகலாகவும் தாழ்வாகவும் இருப்பதால், கூடத்தில் தாராளமாக அடங்கக்கூடிய சாமான் வாசலிலேயே நின்றுபோவது உண்டு.

அளந்த பிறகு, வாங்க நினைக்கும் சாமானின் அளவைச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். வழக்கமான இரும்புப் பீரோ ஆறரை அடி உயரமும் மூன்று அடி அகலமும் ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமான ஆழமும் கொண்டது. அதன் ஒவ்வொரு கதவும் திறக்க ஒன்றரை அடி தேவை. கதவைத் திறந்து நின்று துணி எடுக்க மேலும் ஓர் அடியாவது தேவை. ஆக, நான்கரை சதுர அடி என்று எண்ணி வாங்கும் பீரோ உண்மையில் பன்னிரண்டு சதுர அடியைக் கேட்கிறது. கட்டிலுக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் 75 அங்குல நீளமும் 48 அங்குல அகலமும் உள்ள கட்டில் தரையில் கால்பங்கை எடுத்துக்கொள்கிறது. 78 அங்குலத்துக்கு 72 அங்குலக் கட்டில் ஏறக்குறைய நாற்பது சதுர அடியை விழுங்கிவிடுகிறது. கோட்டைப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றி நடமாடிப் பார்த்தால், கடைக்காரர் சொல்லாத பல செய்திகள் தெரியவரும்.

நடப்பதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

வீட்டின் முதன்மையான நடைவழிக்கு மூன்று அடியும், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அடியும், சமையல் மேடைக்கு முன்னால் மூன்று அடியும் இருந்தால் இடிபடாமல் புழங்கலாம். குடத்தையோ சோற்றுப் பானையையோ இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு போகும் வழியை இரண்டரை அடிக்குக் கீழே குறைக்கக் கூடாது. முதியவர் இரவில் எழுந்து கழிவறைக்குச் செல்லும் பாதையில் முக்காலியோ மடக்கு நாற்காலியோ நிற்கவே கூடாது. கழிவறை கொல்லைப்புறத்தில் உள்ள வீடுகளில் இதை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

எங்கள் வீடு பாகம் பிரித்ததில் கிடைத்த பகுதி. ஒன்பது அடி அகலமும் ஐம்பது அடிக்கு மேல் நீளமுமாக இருக்கிறது. எப்படி அடுக்குவது?

கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பழைய தெருக்களில் இத்தகைய வீடுகள் மிகுதி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று வாசலிலிருந்து பின்பக்கம் வரை ஒரே நேர்க்கோட்டில் அமைந்த வீட்டைச் சகோதரர்கள் நீளவாக்கில் பிரித்துக்கொள்ளும்போது, ஒவ்வொருவர் பங்குக்கும் குறுகலான ஒரு நீளம் வந்து சேர்கிறது. இந்த அமைப்பில் செய்யத்தக்க முதல் வேலை, வாசலிலிருந்து கொல்லை வரை செல்லும் நடைவழியை ஒரே சுவரின் ஓரமாக ஒதுக்கிவிடுவதுதான். நடைவழி ஒவ்வோர் அறையிலும் பக்கம் மாறி வளைந்து சென்றால், எந்த அறையிலும் முழுமையான ஒரு மூலை மிஞ்சாது. ஒரு பக்கம் மூன்று அடியை வழிக்கு விட்டுவிட்டால் எதிர்ப்பக்கம் ஆறு அடி கிடைக்கிறது. அதில் நிற்கும் சாமான்களின் ஆழம் இரண்டு அடிக்குள் அடங்கினால் எஞ்சிய நான்கு அடி உட்காரவும் பாய் விரிக்கவும் பயன்படும்.

இதனால்தான் இவ்வீடுகளுக்குச் சோபா பொருந்துவதில்லை. சாதாரணச் சோபாவின் ஆழமே இரண்டரை முதல் மூன்று அடி. அதற்குப் பதிலாகச் சுவரோரமாக இருபது அங்குல ஆழமும் பதினேழு அங்குல உயரமும் உள்ள நீளமான பெஞ்சு ஒன்றைச் செய்து, மேலே மெல்லிய மெத்தை இட்டால், நான்கு பேர் உட்காரவும் ஒருவர் படுக்கவும் முடியும். திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

முற்றத்தின் விளிம்பில் உயரமான எதையும் நிறுத்தாதீர்கள். இரு பக்கமும் பொதுச் சுவர் உள்ள வீட்டில் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே வருகின்றன. அதன் ஓரத்தில் பீரோ நின்றால் கூடமும் அடுக்களையும் பகலிலேயே விளக்குப் போடும் நிலைக்கு வந்துவிடும். உயரமான சாமான்களைக் குறுக்குச் சுவரோரமாக, ஏற்கெனவே இருண்டிருக்கும் மூலையில் வையுங்கள். பொதுச் சுவரில் கனமான அலமாரியை ஆணியடித்து மாட்டுவதற்கு முன், அடுத்த பாகத்துக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது உறவுக்கும் சுவருக்கும் நல்லது.

அரசு திட்டத்தில் கட்டிய வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை மட்டும்தான். எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி; கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் எழுந்த குடியிருப்புகளிலும் பல வீடுகள் இந்த அளவை ஒட்டியவையே. ஒரே அறை பகலில் கூடமாகவும் மாலையில் பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் மாற வேண்டியிருப்பதால், அந்த அறையின் நடுத்தரையைக் காலியாக வைத்திருப்பதுதான் இங்கே மிகப் பெரிய சேமிப்பு.

மூன்றே மூன்று பொருள்களை நிலையாக வைக்கலாம். ஒன்று, முதியவருக்கோ கர்ப்பிணிக்கோ தேவைப்படும் ஒற்றைக் கட்டில். அது பகலில் உட்காரும் இருக்கையாகவும் பயன்படும். இரண்டாவது, ஒரு பீரோ. மூன்றாவது, சுவரில் கீல் வைத்து மடக்கும் மேசை. மற்ற அனைத்தும் சுவரில் தொங்குபவையாகவோ, பரணில் ஏறுபவையாகவோ, மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கத்தக்கவையாகவோ இருக்கட்டும். தொலைக்காட்சிக்கென்று தனியாக ஷோகேஸ் வாங்க வேண்டாம். அதைச் சுவரில் மாட்டிவிட்டு, கீழே ஒன்பது அங்குல ஆழத்தில் ஒரு பலகை அடித்தால் போதும்.

அடியில் பெட்டி வைத்த கட்டில் நல்லதா, கால் வைத்த கட்டில் நல்லதா?

இக்கேள்விக்குக் கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பெட்டிக் கட்டிலுக்கே சாதகமாக இருக்கிறது. மெத்தையைத் தூக்கினால் உள்ளே ஒரு பீரோ அளவுக்கு இடம் கிடைக்கிறது என்பது உண்மைதான். மேல்மாடியிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் தரைத்தளத்தில், அதிலும் ஆற்றையோ வாய்க்காலையோ குளத்தையோ ஒட்டிய வீட்டில், தரையோடு தரையாக உட்காரும் பெட்டிக் கட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிப்பலகைக்கும் தரைக்கும் இடையே காற்றுப் புகாததால், மழை மாதங்களில் உள்ளே வைத்த பட்டுப்புடவையும் போர்வையும் முக்கல் நாற்றம் அடிக்கின்றன. பூஞ்சைக் கறையும் விழுகிறது. கரையான் தரை இடுக்கிலிருந்து நேரே பலகைக்குள் ஏறினால், மண்பூச்சு வெளியே தெரியாமல் கட்டிலின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்துவிடும். மழைநீர் வீட்டுக்குள் நான்கு அங்குலம் ஏறினாலும் கட்டிலும் அதில் உள்ள துணிகளும் சேர்ந்தே நனையும்.

இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமானது, பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குல உயரக் கால்கள் கொண்ட கட்டிலும், அதன் அடியில் இழுத்து எடுக்கக்கூடிய தகர டிரங்குப் பெட்டிகளும்தான். பெட்டிகளுக்கு அடியில் சிறு சக்கரங்கள் வைத்தோ, இரண்டு மரச்சட்டங்கள் மீது நிறுத்தியோ தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது தூக்கிவிட வேண்டும். வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் பெட்டிகளை எடுத்து மேலே வைத்துவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எத்தனையோ வீடுகளில் நனையாமல் தப்பிய பொருள்கள், யாராவது கைக்கு எட்டியவரை தூக்கி உயரத்தில் வைத்தவையே. பெட்டிக் கட்டில்தான் வேண்டும் என்போர், அடிச்சட்டத்துக்கு நான்கு அங்குலக் கால் வைக்கச் சொல்லி, அடிப்பலகையில் காற்றோட்டத் துளைகளும் போடச் சொல்ல வேண்டும்.

சோபா கம் பெட், சுவரோடு மடங்கும் கட்டில் ஆகியவற்றை வாங்கலாமா?

ஒவ்வொரு நாளும் மடக்கி விரிப்பீர்களா என்பதை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் அவசரத்தில் மெத்தையைச் சுருட்டி, தலையணைகளை எடுத்து, கட்டிலை மடக்குவதற்கு யாருக்கும் நேரமில்லை என்றால், அது விரித்தபடியே கிடக்கும். அதே விலைக்கு அதைவிட உறுதியான சாதாரணக் கட்டிலை வாங்கியிருக்கலாம். விருந்தினர் வந்தால் மட்டும் விரிப்பதற்கு என்றால் சோபா கம் பெட் பயனுடையதே. வாங்கும்போது, கடையிலேயே நான்கைந்து முறை நீங்களே இழுத்து மூடிப் பாருங்கள், வீட்டில் அதை அன்றாடம் கையாளப்போகிறவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவர்க் கட்டிலுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. மெத்தையோடு சேர்ந்த முழுப் பாரமும் சில திருகாணிகள் வழியாகச் சுவரில் இறங்குவதால், சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராகவும் சிமெண்டில் கட்டியதாகவும் இருக்க வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் தாங்காது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர்கள் அகலமாக இருந்தாலும், துளை போடும்போது கலவை பொடிந்து உதிர்ந்து ஆணி பிடிப்பற்றுப் போகும். அத்தகைய வீட்டில், தரையிலேயே நிற்கும் இரும்புச் சட்டத்தில் கட்டிலைப் பொருத்த வேண்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அடுக்குக் கட்டில் போடலாமா?

பெற்றோர்கள் இதில் ஒரு கணக்கைத் தவறாமல் பார்க்க வேண்டும். பத்தடி உயரக் கூரையில் மாட்டிய மின்விசிறியின் இறக்கைகள் தரையிலிருந்து எட்டரை முதல் ஒன்பது அடி உயரத்தில் சுழல்கின்றன. மேல்கட்டில் ஐந்தடி உயரத்தில் இருந்தால், அதில் உட்கார்ந்த பிள்ளையின் தலை எட்டடிக்கு அருகில் வந்துவிடும். கையைத் தூக்கினால் இறக்கை எட்டும். பத்துக்குப் பத்து அறையின் நடுவில் மாட்டிய 48 அங்குல மின்விசிறியின் இறக்கை நுனி சுவரிலிருந்து சரியாக மூன்றடி தூரத்தில் இருக்கிறது. சுவரோரமாகப் போட்ட மூன்றடி அகலக் கட்டிலின் விளிம்பும் அதே மூன்றடியில்தான் முடிகிறது. இவ்வமைப்பு ஆபத்தானது. அடுக்குக் கட்டில் போடுவதாக இருந்தால் கூரை மின்விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் மின்விசிறியை மாட்டுங்கள். மேல்கட்டிலின் கைப்பிடிக் கம்பி மெத்தைக்கு மேலே குறைந்தது ஆறு அங்குலம் உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை மேலே படுக்கவைக்கக் கூடாது.

நான் இதைவிடச் சிறந்ததாகக் கருதுவது இழுப்புக் கட்டில்தான். ஒரு கட்டிலின் அடியில் சக்கரம் வைத்த தாழ்வான இன்னொரு கட்டில் அடங்கியிருக்கும். இரவில் இழுத்துப் போட்டுக் காலையில் உள்ளே தள்ளிவிடலாம். படுக்கையை முழுவதும் சுருட்ட வேண்டியதில்லை என்பதால், பிள்ளைகளே அதைச் செய்துவிடுவார்கள். கோடையில் மேல்கட்டிலில் தேங்கும் கூரை வெப்பமும் அதில் இல்லை.

சாப்பாட்டு மேசை வேண்டுமா?

மூட்டு வலி உள்ளவர்கள் இருந்தால் கட்டாயம் வேண்டும்; இல்லையென்றால் அவசியமில்லை. ஒருவர் உட்கார்ந்து சாப்பிட மேசையில் இரண்டடி அகலம் தேவை. இரண்டரை அடி அகல மேசையில் எதிரெதிராகத் தலைவாழை இலை போட முடியாது என்பதை இலைபோட்டு உண்ணும் குடும்பங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். சுவரோரமாக முப்பது அங்குல உயரத்தில் கீல் வைத்து மாட்டிய, நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மடக்குப் பலகை இருவருக்குப் போதுமானது. மற்றவர்கள் தரையில் அமரலாம்.

சமையலறை ஆறடிக்கு எட்டடிதான். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

எரிவாயு உருளைக்கான இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 14.2 கிலோ உருளைக்கு ஓர் அடிக்குச் சற்று அதிகமான குறுக்களவும், அதைத் தூக்கி மாற்றுவதற்கான இடமும் வேண்டும். அது எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இடம் மிச்சமாகிறது என்பதற்காக மேடைக்கடியில் காற்றுப் புகாத கதவு போட்டு அதை அடைத்துவிடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் கீழேயே தங்கும். அதனால் கதவின் அடிப்பகுதியில் காற்று வெளியேறும் சட்டம் அவசியம்.

மேடைக்கடியில் தரைவரை மூடிய பலகை அலமாரியைவிட, இழுத்தால் வெளியே வரும் கம்பிக்கூடைகளே இங்கே நீண்டநாள் உழைக்கின்றன. பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் பலகை வைக்கவே வேண்டாம். அரிசி மூட்டையை மேடைக்கடியில் தள்ளாமல், மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைக்க வேண்டும்.

பரணும் சுவர் அலமாரியும் எவ்வளவு போடலாம்?

பரண் இவ்வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது. ஈரமும் வெள்ளமும் எட்டாத இடம் அதுதான். ஏழடிக்கு மேல் இரண்டடி ஆழத்தில் அமைத்தால் கீழே நடமாட்டத்துக்குத் தடையிராது. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பொருள்களை மட்டும் அதில் ஏற்றுங்கள். அன்றாடம் தேவைப்படுவது பரணில் இருந்தால், யாராவது தினமும் முக்காலியின் மேல் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

சுவர் அலமாரிக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல ஆழமே பெரும்பாலான பொருள்களுக்குப் போதும். பதினெட்டு மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை, மூன்று அடிக்கு மேல் நடுவில் தாங்கல் இல்லாமல் நீண்டால், புத்தகக் கனத்தில் வளைந்துவிடும். பழைய வீட்டுச் சுவரில் மாடக்குழி இருந்தால் அதைப் பூசி அடைக்காதீர்கள், சுவருக்குள்ளேயே கிடைத்த இடம் அது. பூஜை அலமாரியில் விளக்கு ஏற்றுபவர்கள், சுடருக்கு நேர் மேலே ஒன்றரை அடிக்குள் பலகை வராதபடி அமைக்க வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு போன்ற உயரமான விளக்கைத் தரையில் தட்டின்மேல் வைப்பதே பாதுகாப்பானது.

பீரோ கன்னி மூலையில் இருக்க வேண்டும், வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்கிறார்கள். சிறிய வீட்டில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கன்னி மூலை எனப்படும் தென்மேற்கு மூலையில் சன்னலோ கதவோ இல்லையென்றால், கனமான பீரோவுக்கு அது பொருத்தமான இடமே. மாலை வெயில் படும் சுவரை அது மறைக்கவும் செய்யும். அந்த மூலையில் சன்னல் இருந்தால் அதை அடைத்துப் பீரோ வைக்க வேண்டாம்; காற்றில்லாத அறையில் துணியும் கெடும், உடம்பும் கெடும். தலைமாட்டைக் கிழக்கிலோ தெற்கிலோ வைக்க விரும்புவோர், கட்டில் வாங்குவதற்கு முன்பே தரையில் போட்ட கோட்டில் அதைச் சோதித்துவிட வேண்டும்.

எந்த மரத்தில், எந்தப் பலகையில் செய்வது?

அழுத்திய மரத்தூள் பலகையும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையும் விலை குறைவு, பார்வைக்கும் அழகு. ஆனால் ஈரம் பட்டால் உப்பி, திருகாணி பிடிப்பை இழந்துவிடும். தரைத்தள வீட்டுக்கு அவற்றைத் தவிர்க்கும்படி வலியுறுத்துகிறேன். ப்ளைவுட் வாங்கினால், பலகையின் மேல் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 என்றோ ஐ.எஸ். 710 என்றோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது. 710 நீரைத் தாங்கும் தரம், விலை கூடுதல். முழுச் செலவையும் தாங்க முடியாதவர்கள், தரையிலிருந்து முதல் இரண்டடிவரை 710 தரத்தையும் அதற்கு மேல் 303 தரத்தையும் கலந்து பயன்படுத்தலாம். வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்க விளிம்புகளையும் சேர்த்து, வண்ணமோ பட்டையோ இட்டு மூடச் சொல்லுங்கள். ஈரம் நுழைவது அங்கேதான்.

முழு மரம் என்றால் தேக்கு மட்டுமே வழி என்று எண்ண வேண்டியதில்லை. நன்கு உலர்ந்த வேம்பும் பூவரசும் இங்கேயே கிடைக்கின்றன. வேம்பில் பூச்சி அரிப்புக் குறைவு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கிடைக்கும் முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதி வைரம் பாய்ந்து உறுதியாக இருக்கும். உட்பகுதி மென்மையானது, சாமானுக்கு ஆகாது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் மடக்குச் சாமான்களின் கீல்களும், இழுப்பறை ஓடும் சேனல்களும்தாம் முதலில் பழுதாகின்றன. துருப்பிடிக்காத எஃகில் 304 தரம், 202 தரத்தைவிட உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். மடங்கும் பாகங்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது என்பதையும் அங்கே குடியிருப்போர் நினைவில் வைக்க வேண்டும்.

பிரம்புச் சாமான் நன்றாக உழைக்குமா?

உழைக்கும். கொள்ளிடத்தை அடுத்த தைக்காலில் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் கோரைப்பாய்களும் செய்து விற்கிறார்கள். பிரம்பு நாற்காலியை ஒரு கையால் தூக்கி இடம் மாற்றலாம் என்பதே சிறிய வீட்டுக்கு அது தரும் பெரிய நன்மை. மழையில் நனையவிடாமல், மாதம் ஒருமுறை இளவெயிலில் காயவைத்தால் போதும்.

திருவிழாவுக்கு உறவினர் நிறையப் பேர் வந்தால் என்ன செய்வது?

கும்பகோணத்தில் 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. வேளாங்கண்ணியில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை விழா நடக்கிறது. இத்தகைய நாட்களில் ஒரு வீட்டில் பத்துப் பேர் தங்குவது இயல்பு. ஆனால் ஆண்டில் சில நாட்கள் வரும் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் கூடுதல் கட்டிலைச் சுமக்க வேண்டாம். சுருட்டி நிறுத்திய ஆறு கோரைப்பாய்கள் ஒரு சதுர அடிக்குள் அடங்கும். மூத்தவர்களுக்காக ஒரு நாடா மடக்குக் கட்டில் இருந்தால் போதும். மடக்கினால் அதைச் சுவருக்கும் பீரோவுக்கும் இடையே நிறுத்திவிடலாம். பாய்களைப் படுக்கவைக்காமல், தரையில் படாதவாறு ஒரு தாங்கியில் நிறுத்தி வையுங்கள், ஓதம் பிடிக்காது.

தாத்தா காலத்துப் பத்தாயமும் ஊஞ்சலும் இருக்கின்றன. இடத்தை அடைக்கின்றன, விற்கவும் மனமில்லை.

விற்க வேண்டாம். நெல் கொட்டிவைத்த பத்தாயங்கள் பெரும்பாலும் அடுக்கடுக்காகக் கழற்றக்கூடியவை. மேலடுக்குகளைக் கழற்றி எடுத்துவிட்டு, அடியடுக்கின் மேல் மூடியைப் பொருத்தினால், உட்காரும் பெட்டியாகவும் போர்வை, மெத்தை வைக்கும் இடமாகவும் அது மாறிவிடும். கழற்றிய பலகைகளில் சுவர் அலமாரி செய்யலாம். முதிர்ந்து உலர்ந்த அந்தப் பலகைகளைப் போன்றதை இன்று புதிதாக வாங்க நினைத்தால் கடைகளில் கிடைப்பது அரிது. பத்தாயத்தின் பக்கவாட்டில் நெல் எடுக்கும் சிறு வாய் இருக்கும். அதை அடைக்காமல் விட்டால் உள்ளே காற்றோட்டம் இருக்கும்.

ஊஞ்சலுக்கு ஆட இடம் வேண்டும் என்பதால் சிறிய கூடத்தில் அதற்குச் சிக்கல்தான். சங்கிலிகளைக் கழற்றி, பலகைக்கு உறுதியான நான்கு கால்கள் பொருத்தினால், பகலில் உட்காரவும் இரவில் ஒருவர் படுக்கவும் ஏற்ற இருக்கை கிடைக்கிறது. உத்தரத்து வளையங்களை மட்டும் எடுக்காமல் விட்டுவையுங்கள். வீட்டில் கல்யாணம் வந்தால் அன்றைக்கு மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

முதியவர்களுக்காக எதை மாற்ற வேண்டும்?

மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் பதினெட்டு முதல் இருபது அங்குலம் இருக்கட்டும்; அதைவிடத் தாழ்ந்தால் எழுந்திருப்பது கடினம். நாற்காலிக்குக் கைப்பிடி அவசியம். சக்கரம் வைத்த எந்தச் சாமானையும் அவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கும் வழியில் வைக்காதீர்கள். சாய்ந்தால் கவிழும் மெல்லிய அலமாரிகளைச் சுவரோடு திருகி இறுக்கிவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் இதுவே பொருந்தும்.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட அனுமதிப்பதில்லை. என்ன செய்யலாம்?

திருகுமரை போட்டுக் கழற்றி மாட்டக்கூடிய இரும்பு அடுக்குகளையும் கட்டில்களையும் வாங்குங்கள். பசையும் ஆணியும் வைத்து ஒட்டிய சாமான், இரண்டு முறை வீடு மாற்றினால் ஆட்டம் காணும். ஒரே உயரமுள்ள இரண்டு குறுகிய அடுக்குகள், அகலமான ஒன்றைவிடப் பயனுடையவை. அடுத்த வீட்டின் அமைப்பு எதுவானாலும் சேர்த்தோ பிரித்தோ நிறுத்தலாம்.

ஆசாரியிடம் கொடுத்துச் செய்வதா, கடையில் வாங்குவதா? எப்போது செய்வது நல்லது?

கோணலான மூலையும் குறுகிய நிலையும் உள்ள பழைய வீட்டுக்கு ஆசாரி செய்வதே பொருந்தும். நேரான சுவர்கள் உள்ள புதிய வீட்டுக்குக் கடைச்சாமான் போதும். ஆசாரியிடம் கொடுக்கும்போது, மரத்தின் பெயர், பலகையின் தரமும் தடிமனும், கீலின் வகை, கால்களின் உயரம், சுவரிலிருந்து விட வேண்டிய இரண்டு அங்குல இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி முதல் ஆனி வரை உள்ள மாதங்கள் மரவேலைக்கு உகந்தவை. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிய மரத்தில் இழைத்துச் சேர்த்த பலகைகள், சித்திரை வெயிலில் சுருங்கி இணைப்புகளில் வாய் பிளக்கும். கோடையில் செய்த இழுப்பறைகளோ ஐப்பசியில் உப்பி இறுகிக்கொள்ளும். ஆகவே இழுப்பறைகளுக்கும் கதவுகளுக்கும் சுற்றிலும் சிறிது இடைவெளி விடும்படி முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வண்ணம் பூசி முடிக்காமல், பின்பக்கங்களும் அடிப்பாகங்களும் பூசப்பட்டனவா என்று கவிழ்த்துப் பார்த்த பிறகே சாமானை வீட்டுக்குள் ஏற்றுங்கள். அதன்பின் ஆடியிலும் தையிலும் ஒருமுறை சாமான்களை நகர்த்தி, சுவரில் கரையான் மண்பூச்சு தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். தனியொருவர் நகர்த்த முடியாத எதையும் தரைத்தளத்தில் வாங்காதிருந்தால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.